முதுகுப் பக்கம்

தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் எங்கள் ஃபயர்வாலில் இருக்கும் விதிகளை முழுசாகப் படித்தேன். வெளியிலிருந்து இந்த அலுவலகத்தின் கணினிகளுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று வரிவரியாக எழுதியிருக்கும். பெரும்பாலானவை எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த சீனியர் எழுதியவை. மனிதர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் திறந்து வைத்துவிட்டுப் போன வாசல்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு காவல் இருந்திருக்கிறேன், வெட்கக்கேடு. பொறுப்பாளர் இல்லாத விதி எதுவும் இன்று சாயங்காலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உத்தரவு. இருந்தால் என் சீட்டு கிழியும்.

ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செத்த பாம்பு, பல மாதமாக அந்த வழியாக யாரும் நுழையவில்லை. அந்த ஒன்றில் மட்டும் தினமும் மதியம் யாரோ வந்து போயிருக்கிறார்கள். போகிற இடம், என் தலைக்குப் பின்னால் மூலையில் தொங்கும் கேமரா. எவனோ திருடன் என்றே நினைத்தேன். எங்கிருந்து வருகிறது என்று தேடினால், சீனியர் வீட்டு இணைப்பு.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். போன் செய்தேன்.

"அண்ணி, ஆபீஸ் கேமராவ நீங்களா பாக்குறீங்க?"

ஆமாம் என்றார்.

"அவருக்கு சுகர் இருந்துச்சுல்ல. கேட்டா சாப்பிட்டேன்னு வாய் கூசாம பொய் சொல்லுவாரு, டப்பா அப்படியே திரும்பி வரும். சண்டை போட்டேன். சரி, நீயே பாத்துக்கோன்னு என் போன்ல வச்சுக் குடுத்தாரு."

"இப்ப..."

"இப்பவும் மதியமானா கை தானா அதுக்குப் போகுது. முகம் தெரியல, முதுகும் மேசையுந்தான தெரியுது தம்பி. நீயும் அவர மாதிரியே கூன் போட்டுத்தான் உக்கார்ற."

இன்றைக்கே அதை மூடியாக வேண்டும் என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். அழுவார் என்று பயந்தேன். அழவில்லை.

"உன் வேலைக்கு ஒண்ணும் வந்துடக் கூடாது. மூடிடு" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தால், "நீ ரெண்டு நாளா சாப்பிடவே இல்ல. இன்னிக்காவது ஒழுங்கா சாப்பிடு. அத மட்டும் பாத்துடறேன். திரும்பிப் பாக்காத, என்ன?"

மதியம் டப்பாவைத் திறந்தேன். திரையில் அந்த விதிக்கு நேரே ஓர் எண் இருக்கும், கேமராவின் படம் வெளியே போகப் போக அது கூடும். கூட ஆரம்பித்தது. முதுகை நிமிர்த்தாமல் சாப்பிட்டேன். பின்கழுத்து கூசியது. என்ன சாப்பிட்டேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. பக்கத்து மேசைக்காரன் ஏதோ கேட்டான், தலையைத் திருப்பாமலே பதில் சொன்னேன். டப்பாவில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மூடியைப் போட்டேன். நீக்கு என்ற பொத்தானுக்கு மவுஸை நகர்த்திவிட்டு, அழுத்த மனம் வராமல் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் எண் தானாக நின்றது.