குழி மண்

க்ளெமான் இடுப்பளவு தோண்டியிருந்தபோது ஹாலோவே குதிரையிலிருந்து இறங்கி வந்தான். கையில் தங்கம் அலசும் தட்டு.

"இங்க தோண்டாதீங்க. இந்த மேடு என் பேர்ல இருக்கு. மூலைக்கு மூலை முளை அடிச்சிருக்கேன், தெரியல?"

"எங்க தாத்தா இங்கதான் மண்ணுக்குள்ள கிடக்கார்," என்றான் க்ளெமான், மண்வெட்டியை நிறுத்தாமல்.

அவன் அக்கா மதிலீன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். இறந்துபோன அப்பா பஸீலைக் கோரைப்பாயில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். ஃப்ரேசர் ஆற்றை அங்கே மலை இரண்டு பக்கமும் நெருக்கும். தண்ணீர் குறுகிச் சீறும் இடத்துப் பாறையில் நின்று, கோடைதோறும் கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீனை அவர் கைவலையால் அள்ளுவார். முந்தாநாள் அதற்கு இறங்கும்போதுதான் கரை அவரோடு சரிந்தது. ஹாலோவேயின் ஆட்கள் குழாயில் தண்ணீரைப் பீச்சி அடியை அரித்திருந்தார்கள். தங்கம் தேடி முதலில் வந்த வெள்ளைக்காரர்கள் ஆற்று மணலைச் சலித்தார்கள். மணல் தீர்ந்ததும் கரை. இப்போது கரைக்கு மேலே இந்த மேடு.

"கிழவன் செத்ததுல எனக்கும் வருத்தம்தான். சரி, புதைச்சுக்கோங்க. ஆனா வெளிய எடுத்த மண்ணைத் தொடக்கூடாது. அதை நான் அலசணும்."

"அப்ப குழியை எதால மூடுறது?" என்று கேட்டாள் மதிலீன்.

"அதான் கல்லு கிடக்குதே."

அவன் குவியலில் ஒரு தட்டு மண் அள்ளினான். குதிரையில் தொங்கிய தோல்பையிலிருந்து தண்ணீர் விட்டு, சுழற்றிச் சுழற்றிக் கொட்டினான். அடியில் கறுத்த மணலுக்கு நடுவே நாலைந்து பொடிகள் மின்னின. நல்ல சேதி கொண்டுவந்தவனைப் போல அவளிடம் நீட்டினான்.

"பாத்தியா?"

க்ளெமான் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு மேலே ஏறினான். மதிலீன் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம்டா. உன்னைத் தூக்குல போட்டுட்டு, உன் குழி மண்ணையும் அலசுவான்."

அவளே குழிக்குள் இறங்கினாள். "அப்பாவைக் கொடுங்க." கூட வந்திருந்த சித்தப்பா மகன்கள் பாயைத் தாழ்த்தினார்கள். தலையை இரண்டு கையாலும் வாங்கி, கல் உறுத்தாத பக்கமாகச் சாய்த்து வைத்தாள். ஏறி வந்தாள். நேராக ஹாலோவேயிடம் போய்த் தட்டை வாங்கினாள். அவள் பார்க்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கொடுத்துவிட்டான்.

அவள் அதைக் குழியில் கவிழ்த்தாள். ஓரத்தில் ஒட்டியதை நகத்தால் வழித்துப் போட்டாள்.

"இந்தா, உன் தட்டு."

பிறகு மண்டியிட்டு, குவியலை முழங்கையால் உள்ளே தள்ளத் தொடங்கினாள். மற்றவர்களும் மண்டியிட்டார்கள். ஹாலோவேயின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழி நிரம்பும்வரை அவன் அப்படியே நின்றான்.

அவர்கள் குடிசைக்குத் திரும்பும் முன்பே கீழே குழாய் மறுபடி இரையத் தொடங்கியது. மதிலீன் கைவலையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"இன்னைக்கா? பாதையே இல்லையே, அக்கா."

"மீன் ஏறுதுடா."

சரிந்த கரையில், கைப்பிடிபோல் நீட்டியிருந்த வேர்களைப் பிடித்து அவள் இறங்கினாள். ஆறு மஞ்சளாக ஓடியது. அப்பா நிற்கும் பாறையில் இரண்டு பேர் நிற்க இடமிருந்தது. அவள் ஓரமாக நின்று வலையை இறக்கினாள்.