கப்பலுக்கு ஒரு குரல்

அப்பாவின் பேச்சுப் பயிற்சிக்கு நாள் குறித்து வைத்திருந்த டெர்மினை லவினியா அவருக்கு முன்னால் இருந்துகொண்டுதான் நிறுத்தினாள். ஜேசுரட்ணம் ஜன்னலோரக் கதிரையில், அசையாத வலக்கையை யாரோ கொடுத்துவிட்டுப் போன சாமானைப்போல மடியில் வைத்திருந்தார். அவருக்குக் களைப்பு, இந்த மாதம் முழுக்க வேண்டாம், பிறகு நாங்களே அறிவிக்கிறோம் என்று சுத்தமான ஜெர்மனில் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அந்தப் பயிற்சிப் பிள்ளை ஒரு மாதம் லீவிலை நிக்கிறாவாம்."

"இப்பதானே மனுசன் வாயைத் திறக்கத் தொடங்கினவர்," என்றாள் பற்றிமா உள்ளே இருந்து. "உவைக்கு எந்த நேரமும் லீவுதான்."

நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வது? ஜெர்மனிக்கு, இந்தக் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்த நாளிலிருந்து டொக்டர், பள்ளிக்கூடம், வீட்டுக்காரன் என்று யார் என்ன சொன்னாலும் அது மகளின் வாய் வழியாகத்தான் அவளிடம் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு ஜெர்மன் தெரியும், இரும்பு ஆலையில் வேலை செய்து பிடித்த ஜெர்மன். ஆனால் பாரிசவாதம் வந்த பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரேயொரு சொல். சாப்பிட்டீங்களோ? ஓம். குளிருதோ? ஓம். உங்கடை பேர் என்ன? ஓம்.

பேச்சுப் போன வாயில் பாட்டு மட்டும் கிடந்தது. மன்னாரில் நாட்டுக்கூத்தில் ராசா வேடம் கட்டியவர். நான் இன்னார், இன்ன நாட்டுக்கு அரசன் என்று சபைக்குச் சொல்லிக்கொண்டு வரும் வரவுப்பாட்டை, ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் பாடி ஆட்களைக் கதிரையோடு நெளிய வைத்தவர். இப்போதும் அந்த மெட்டு அப்படியே வந்தது. சொற்கள்தான் பல் விழுந்த வாய்போல இடையிடையே இல்லை. லவினியா அதைப் போனில் பதிந்து ஹம்பேர்க்கில் இருந்த அபேனாவுக்கு அனுப்பினாள்.

அபேனாவின் பெற்றோர் கானாவில் இருந்து வந்தவர்கள். அவள் எடுத்துக்கொண்டிருந்தது அவளுடைய முதல் முழுநீளப் படம், அதில் ஒலி முழுவதும் லவினியாவின் பொறுப்பு. அதுவரை விளம்பரப் படங்களில் இரைச்சல் துடைத்தே காலம் கழித்தவளுக்கு இதுதான் முதல் வாசல். படத்தின் கதையில், எத்தனையோ நூற்றாண்டுகளுக்குப் பிறகு கறுப்பின மக்கள் விண்கப்பலொன்றில் போகிறார்கள். எரிபொருளாக அவர்களுடைய பழைய பாட்டுகள். சங்கிலி போட்டுக் கடலில் ஏற்றிச் சென்றவர்களால் பாட்டை மட்டும் பறிக்க முடியவில்லை, அதனால் வரப்போகும் காலத்தை அதுதான் ஓட்டும் என்பாள் அபேனா. படத்தில் கப்பலின் இயந்திரம் சொற்களை மறந்துவிட்டது, மெட்டு மட்டும் அதற்கு நினைவிருக்கிறது. அந்தக் குரலுக்குப் பல பாடகர்களை வைத்துப் பார்த்தாகிவிட்டது. எல்லோரும் மறந்ததுபோல நடித்தார்கள். அப்பாவின் குரலைக் கேட்டதும் அபேனா போன் எடுத்தாள்.

"அவருக்குச் சம்மதமா?" என்று மட்டும் கேட்டாள்.

லவினியா கேட்டாள். "அப்பா, படத்துக்கு எடுக்கட்டோ?"

"ஓம்."

சம்மதம் என்று எழுதி அனுப்பினாள்.

கடைசிக் காட்சிக்கு எடுக்கும் நேரம் பார்த்து அவர் தேறத் தொடங்கினார். ராசாவின் நாட்டுப் பெயர் முழுதாக வந்தது, தகப்பன் பெயரும் வந்தது. சந்தோசமான செய்திதான், ஆனால் இந்தக் குரலில் உடைவு இல்லையே, வேறு வழி யோசிப்போம் என்று அபேனா எழுதினாள். லவினியாவுக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது, அந்த மடலை இரண்டாம் முறை வாசிக்கும் வரைக்கும். பிறகுதான் டெர்மினை நிறுத்தினாள்.

ஒரு மாதம் போதுமாக இருந்தது. பாட்டிலிருந்து முதலில் ராசாவின் தகப்பன் பெயர் போனது, பிறகு நாடு போனது. காதில் ஹெட்போனோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவளின் கால்விரல்கள் தாளம் போட்டன.

பதிவு நாளன்று இருப்பறைச் சுவரெல்லாம் படுக்கைப் போர்வைகளைத் தொங்கவிட்டாள். குளிர்ப்பெட்டியின் வயரைக் கழற்றினாள். அம்மா ஒன்றும் பொரிக்கக்கூடாது. அப்பா பாடினார். பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு காற்று மட்டும் வந்தது.

"நல்லாயிருந்தது. இன்னும் ஒருக்கா பாடுவமோ, அப்பா?"

அவர் அவளைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது.

"ஏ... ஏலாது."

பற்றிமா அகப்பையோடு ஓடிவந்தாள். "மாதாவே, என்ன சொன்னவர்?"

"ஏலாது," என்றார் அவர், இம்முறை உடையாமல்.

அம்மா சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள். "கலியாணம் கட்டின நாள் துவக்கம் இந்த மனுசன் எனக்குச் சொல்லுறது உந்தச் சொல்லுத்தான். இண்டைக்குத்தான் கேக்க நல்லாயிருக்கு. பொறு, அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேணும். லீவு முடிஞ்சிருக்குமெல்லோ."

"பிறகு எடுப்பம் அம்மா. ரெக்கோர்டிங் போகுது."

"உன்ரை ரெக்கோர்டிங்," என்ற பற்றிமா, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து ஏற்கெனவே இலக்கத்தை அழுத்தியிருந்தாள். போனைச் சத்தமாக வைத்தாள். பயிற்சிப் பெண் அவர்களுடைய பெயரைக் கேட்டதும் மகிழ்ந்தாள், பிறகு குரல் மாறியது. களைப்பு என்று நிறுத்தினீர்களே, ஏன் ஒரு மாதமாகியும் அவரைக் கூட்டிவரவில்லை, இந்தக் காலத்தை விட்டால் திரும்பக் கிடைக்காதே என்று ஜெர்மனில் வேகமாகக் கேட்டாள்.

பற்றிமா போனை மகளிடம் நீட்டினாள். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

"கெதியாக் கதைக்கிறா. என்னவாம் கேக்கிறா, லவினியா?"

ஜேசுரட்ணம் இடக்கையை மெல்ல நீட்டி, தன் வாய்க்கு முன்னால் நின்ற மைக்கின் கழுத்தைப் பிடித்து, மகள் பக்கம் திருப்பிவிட்டார். சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. பதிவுத் திரையில் பச்சைக் கோடு அவளுடைய மூச்சுக்கு மெதுவாக நடுங்கியது.