எந்தப் பக்கத்து வெள்ளைமுடி

என் மகள் நிறைமதியின் நெற்றியில் இருக்கும் வெள்ளைமுடி எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று எழுதிக் கொடுக்கும்படி வம்ச அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அது பால் பாக்கெட்டுக்குள் இருந்தது. பாலைக் காய்ச்சிவிட்டுப் படித்தேன்.

அன்று அவளுக்குக் காதுகுத்து. எங்கள் வழக்கப்படி தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். என் அண்ணன் வேலுச்சாமி தன் மடியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார்.

"பேப்பர் வரட்டும் தமயந்தி. நம்ம பக்கத்து முடின்னா நாளைக்கு என் பிள்ளைகளுக்கு யாரு சம்பந்தம் பேச வருவாங்க?"

"எங்க வம்சத்துல சாகற வரைக்கும் கருகருன்னுதான் இருக்கும் அம்மிணி" என்றார் என் நாத்தனார் கோகிலா. தலைச்சாயம் காயாததால் துண்டைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

நிறைமதிக்கு மூன்று வயது. அவளுக்கு வலது காது கேட்காது. அந்தக் காதைக் குத்துவதில் மட்டும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

எல்லோரும் அலுவலகத்துக்குப் போனோம். ஏற ஏறப் படிகள் கூடின. மேலே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மேஜையிலும் ஒருவர் இரண்டு நீளத் துணிகளை அருகருகே விரித்து, வேண்டுமென்றே கத்தரித்தார். பிறகு இதன் துண்டை அதிலும் அதன் துண்டை இதிலும் வைத்துத் தைத்தார்.

"நல்ல துணியை எதுக்குங்க வெட்டறீங்க?" என்று பிரிவு அலுவலரைக் கேட்டேன்.

"ஒண்ணு உங்கப்பா குடுத்தது. இன்னொண்ணு உங்கம்மா குடுத்தது. வெட்டி மாத்தித் தெச்சாத்தான் கருமுட்டைக்குச் சரியாப் பிரியும். ஆம்பளைங்களுக்கு விந்தணுவுக்கு. இல்லாட்டி ஒண்ணுக்கு அதிகமாப் போகும், ஒண்ணுக்குக் கொறையும்."

"எங்கிட்ட யாரு கேட்டீங்க?"

"கேட்டமே. நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்ப, அஞ்சாவது மாசம். கைநாட்டு வெச்சிருக்கீங்க."

என் பெயர் போட்ட கோப்பைத் திறந்து காட்டினார். கடுகளவு கட்டைவிரல் ரேகை. என்னுடையதுதான்.

"வயித்துல இருக்கற சிசுகிட்டக் கைநாட்டு வாங்கறது நியாயமுங்களா?"

"அப்பத்தான் யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க."

முதலில் என் துணியைத்தான் சோதித்தார்கள். ஏன் முதலில் என்னுடையது என்று கேட்டேன். வழக்கம் என்றார்கள். அதில் வெள்ளைமுடிக்கான பிசகு இல்லை. நாத்தனார் இன்னொரு முறை பார்க்கச் சொன்னார்.

அடுத்து என் கணவர் பூபதியின் துணி. நான்கு வருடத்துக்கு முன்பு வெட்டியது. ஓர் ஒட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இழைகள் காணவில்லை. அலுவலர் என் மாமனார் துணியைப் பக்கத்தில் விரித்தார். மாமியார் துணியை விரித்தார். இரண்டிலும் அந்த இழைகள் ஒழுங்காக இருந்தன.

"வெட்டின எடத்துல தெக்கறப்ப ஆனது. பெரும்பாலும் சரியாத் தெச்சுருவோம். எப்பவாவது இப்படி ஆயிரும்."

"அப்ப உங்க தப்பு."

"அதுக்குக் கட்டம் இல்லீங்க. அப்பா பக்கம், அம்மா பக்கம். ரெண்டே கட்டம்."

"ரெண்டும் இல்லீன்னா?"

"ரெண்டு பக்கத்துலயும் இல்லாதது ஆபீசுக்குச் சொந்தம். குழந்தையை அலமாரியில வெச்சுருவோம்."

அவர் கை நீட்டினார். பூபதி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப என்னையும் வெச்சுருங்க. தனியாப் பயப்படுவா" என்றார்.

என் கணவர் கோபப்படத் தெரியாதவர். அவர் பங்கையும் சேர்த்து நான்தான் கோபப்படுவேன்.

"இங்க நிக்கற எல்லாரோட துணியையும் எடுங்க" என்றேன்.

எடுத்தார்கள். அப்பனிடமும் ஆத்தாளிடமும் இல்லாத இழைகள் நாத்தனார் துணியில் அறுபத்தொரு இடத்தில் இருந்தன. அண்ணன் துணியில் எழுபத்து மூன்று. எனக்கும் பூபதிக்கும் அப்படித்தான். அலுவலர் தன் துணியை எடுக்கவில்லை. நான் எடுத்தேன்.

அவர் கொஞ்ச நேரம் எண்ணினார். பிறகு அலமாரிகளைத் திறந்தார். விதிப்படி எல்லோரும் ஏறி உட்கார்ந்தோம். அவரும் முத்திரையோடு கீழ்த்தட்டில் உட்கார்ந்தார்.

"எங்க வம்சத்துல யாரும் அலமாரியில உக்காந்ததில்ல" என்றார் நாத்தனார்.

"வெளிய போக வழியே இல்லீங்களா?" என்றேன்.

"யாராச்சும் உரிமை கேட்டு எழுதிக் குடுத்தா எடுத்துட்டுப் போகலாம்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே."

படிவத்தை வாங்கினேன். இரண்டு கட்டங்களையும் காகிதம் கிழியும்வரை அடித்தேன். பெயர், நிறைமதி. உரிமை கேட்பவர், தமயந்தி. காரணம் என்ற இடத்தில் 'என் பிள்ளை' என்று எழுதினேன்.

"எழுதறவங்களை யாராச்சும் மொதல்ல எடுக்கணுமே" என்றார் அலுவலர். "இந்தம்மா யாரோடது?"

நிறைமதி கேட்கிற காதை அவர் பக்கம் திருப்பினாள்.

"என்ன?"

"இந்தம்மா யாரோடது, சாமி?"

"என்னோடது" என்றாள்.

முத்திரை விழுந்தது. நான் இறங்கினேன். மகளை இறக்கினேன். பூபதியை இறக்கினேன். பூபதி அவர் அக்காவை இறக்கினார். அலுவலர் எங்களையே பார்த்தார். அவருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

மேல்தட்டில் அண்ணன் மட்டும் இருந்தார்.

"தமயந்தி, முகூர்த்தம் போகுது. ஒரு கையெழுத்துத்தான சாமி."

பேனாவை மூடினேன்.

"இருங்கண்ணா. யோசிச்சுச் சொல்றேன்."