காரத்தண்ணீர் போன வழி

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சிக்வார்ட் திங்கட்கிழமை காலை அதன் கதவைத் திறந்தபோது தொட்டியில் வெள்ளை நுரை இடுப்பளவு நின்றது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை வரை கல்யாணக் கூட்டம்போல் நெளிந்துகொண்டிருந்த பூச்சிகளில் ஒன்றுகூட அசையவில்லை.

கிரோவிக் ஊரின் கழிவு நாற்பது வருஷம் ஒரு சல்லடையைத் தாண்டி நேராகக் கடலுக்குப் போனது. போன வருஷம்தான் அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்களோடு புது நிலையம் வந்தது. வருகிற வியாழக்கிழமை மாவட்ட அதிகாரி தண்ணீரைச் சோதிக்க வருகிறாள். தேறாவிட்டால் நிலையத்தைப் பூட்டிவிட்டு, குழாயைப் பக்கத்து ஹெல்னெஸுக்கு இழுத்துவிடுவது என்று ஊர் மன்றம் முடிவெடுத்திருந்தது. தன் ஊர்க் கழிவு ஹெல்னெஸ்காரன் கைக்குப் போவதா? சிக்வார்டால் அதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

சோதனைத் தாளைத் தொட்டியில் நனைத்தார். கருநீலமானது. அமிலத்துக்கு எதிரான காரத்துக்குத்தான் அந்த நிறம். யாரோ கொட்டியிருக்கிறார்கள்.

தாள் கட்டோடு மேட்டுப் பாதையில் ஏறினார். சாக்கடை மூடி ஒவ்வொன்றாகத் திறந்து நனைத்தார். முடிவெட்டுகிறவள் வீட்டருகே நீலம். அவளை மனசுக்குள் திட்டினார். பள்ளிக்கூடத்தருகே இன்னும் நீலம், தலைமையாசிரியரைத் திட்டினார். கடைசி மூடி ஊர்ப் பொதுக்கூடத்தின் பின்வாசலில் இருந்தது. உள்ளே அவர் மனைவி குன்வோர், சனிக்கிழமை நடக்கும் லூட்டெஃபிஸ்க் என்கிற காரத்தில் ஊறிய மீன் விருந்துக்கு, தொட்டிகளில் நல்ல தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"குன்வோர், காய்ஞ்ச மீன ஊறவச்ச காரத்தண்ணிய யாரு ஊத்துனது? பேரச் சொல்லு. மன்றத்துல எழுதிக் குடுக்கப்போறேன்."

"எழுதுங்க. கண்ணாடியப் பாத்து எழுதுங்க, தப்பு வராது."

"என்ன சொல்ற?"

"நேத்து பன்னண்டு தொட்டி. 'இடுப்பு வலிக்கிறவங்க தள்ளி நில்லுங்க, நான் கவுக்குறேன்'னு நின்னது யாரு? கைகூடத் தட்டுனாங்களே."

"வருஷா வருஷம் கவுக்குறதுதானே."

"வருஷா வருஷம் கீழ பூச்சி இருந்துச்சா?"

சிக்வார்ட் தலை நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் அவர் கையால் ஒட்டிய அறிவிப்பு: எண்ணெய், மருந்து, ஈரத்துணி எதையும் கொட்டாதீர்கள். அதற்கு நேர் கீழே இருந்த வடிகாலில்தான் கவிழ்த்திருந்தார். ஊரே கூடி விருந்து வேலை செய்கிற நாளில் தொட்டியைக் கண்டால் தூக்குவதுதான் பழக்கம், யோசிப்பது மறுநாள்.

வேறு வழியில்லை. ஹெல்னெஸ் நிலையத்து ஆஸ்முன்டுக்குப் போன் போட்டார்.

"ஒரு லாரி சேறு வேணும்யா. உயிரோட."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு. இங்க நாலு பேரு நிக்கிறாங்க, அவங்களும் கேக்கட்டும்."

"உன் பூச்சி வேணும்யா."

"எங்க சேறு நாறுதுன்னு போன வருஷம் சொன்னது யாரு?"

"நாத்தமா? மழை பேஞ்ச மண்ணு வாசனைல்ல அது."

"அப்படி வா வழிக்கு. சனிக்கிழமை விருந்துல உன் பக்கத்து நாற்காலி எனக்கு. மீன்மேல ஊத்துற பன்றிக்கொழுப்புப் பாத்திரம் என் கைக்கு எட்டணும்."

அன்று மத்தியானமே லாரி வந்தது. சிக்வார்ட் அமிலம் ஊற்றிக் காரத்தை முறித்து, சேற்றை இறக்கி, தொட்டிக்குள் காற்றை முழுக்கத் திறந்துவிட்டு, தொட்டியோரத்திலேயே மூன்று நாள் கிடந்தார். புதன்கிழமை நுண்ணோக்கியில் கல்யாணக் கூட்டம் திரும்பியிருந்தது. வியாழக்கிழமை அதிகாரி தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் தூக்கிப் பார்த்தாள், கருவியை முக்கினாள், தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை ஆஸ்முன்ட் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். மூன்றாவது தட்டு முடிந்ததும் எழுந்து கோப்பையைத் தட்டினார்.

"கிரோவிக் ஜனங்களே, சாப்பிடுங்க, கவலப்படாதீங்க. உங்க பின்னால கழுவி விடுறதெல்லாம் இப்ப எங்க ஊரு ஆளுங்கதான்."

கூடமே சிரித்தது. குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிக்வார்டுக்குக் காது சிவந்தது. ஆனாலும் கொழுப்புப் பாத்திரத்தை ஆஸ்முன்ட் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"நல்லாச் சாப்பிடு. ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இங்கயே கழிப்பறைக்குப் போயிட்டுப் போ. உன் ஆளுங்களுக்கு வீட்டுச் சாப்பாடு."