சட்டவீரனின் கடைசி வசனம்

கார்த்திகேசன் உருவாக்கிய வீரனுக்குப் பறக்கத் தெரியும். ஆனால் உரிய அனுமதி இல்லாமல் பறக்க மாட்டான்.

பெயர் சட்டவீரன். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, முதுகில் கோப்பு உறை நிறத்தில் ஒரு மேலங்கி. கோபம் வந்தால் கண்ணிலிருந்து நெருப்பு வராது, நோட்டீஸ் வரும். அதன் பிறகு ஏழு நாள் பொறுத்துத்தான் அடிப்பான். அவனுக்கு ஒரு மகன். மகனுக்கும் சக்தி உண்டு, வேலைதான் இல்லை. எது நியாயம் என்பதில் இருவருக்கும் தீராத தகராறு. மொத்தம் பதினோரு நிமிடப் படம். கையால் வரைந்த அனிமேஷன், நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். கடைசி வருட மாணவன் ஒருவன் வண்ணார்பேட்டை வீட்டு மாடியறையில் தனியாக உட்கார்ந்து வரைந்தால் முடிக்க ஏழு மாதம் ஆகும். ஆகியிருந்தது.

சட்டவீரனைத் தேடி அவன் எங்கும் அலையவில்லை. அவர் கீழ்வீட்டில்தான் இருந்தார்.

அப்பா ஞானசம்பந்தன் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியர். மனு கொடுக்க வந்தவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூட முப்பது வருடத்தில் ஒரு தரம் குடித்ததில்லை. அதுதான் சிக்கல். லஞ்சம் வாங்குகிற அப்பாவாக இருந்திருந்தால் கார்த்திகேசனின் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

போன வருடம் வாய்க்கால் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு அகற்ற உத்தரவு வந்தது. அங்கே நாசர் பாயின் பஞ்சர் கடை இருந்தது, எட்டடிக்கு ஆறடி. ஆறாம் வகுப்பிலிருந்து கார்த்திகேசனின் சைக்கிளுக்கு வைத்தியம் பார்த்த கடை. பக்கத்திலேயே ஒரு கல்யாண மண்டபம். அதன் சமையல்கட்டும் கார் நிறுத்துமிடமும் வாய்க்காலின் மேலேயேதான் நின்றன. ஜேசிபி வந்தது, அப்பாவும் ஜீப்பில் வந்தார். நாலு நிமிடத்தில் பஞ்சர் கடை போயிற்று. மண்டபத்தை யாரும் தொடவில்லை. அன்றைக்கு அங்கே முகூர்த்தம் வேறு, நாதஸ்வரம் நிற்கவே இல்லை.

ராத்திரி சாப்பாட்டில் கார்த்திகேசன் கேட்டான். அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார்.

"கோர்ட்டுத் தடை உள்ளதத் தொட முடியாது. தடை இல்லாதத விட முடியாது."

அதற்குப் பிறகு அப்பாவிடம் அவன் பேசவில்லை. முதலில் இது யாருக்கும் பெரிய இடைஞ்சலாக இல்லை. நடுவில் அம்மா ராஜராஜேஸ்வரி இருந்தாள். இவன் சொல்வதைக் காரம் எடுத்து அங்கே சொல்வாள், அவர் சொல்வதை உப்புப் போட்டு இங்கே சொல்வாள். தை மாதம் அக்காவின் பிரசவத்துக்கு அம்மா பெங்களூருக்குப் போனாள். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இரண்டு நாடுகளும் தவித்தன. நாலாம் நாள் அப்பா வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்தார். கீழேயிருந்து மாடிக்குப் பதினெட்டுப் படிகள்தான். ஆனாலும் குரல் பதிவுதான்.

மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. கேஸ்காரன் வருவான், புக்கை எடுத்து வை. மோட்டாரை நிறுத்து, தொட்டி நிறைந்து தெருவுக்குப் போகிறது. போகும்போது கதவைப் பூட்டு. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்தன. கார்த்திகேசன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. ஆனால் ஒன்றையும் அழிக்கவில்லை.

சட்டவீரனுக்குக் குரல் தேடியபோது வகுப்பில் ஆறு பையன்கள் பேசிப் பார்த்தார்கள். ஆறு பேரும் தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு புலி மாதிரி உறுமினார்கள். யாருக்கும் அதிகாரம் வரவில்லை. சளிதான் வந்தது. அப்போதுதான் அவனுக்குக் கைப்பேசியின் ஞாபகம் வந்தது. மோட்டாருக்குச் சொன்ன 'நிறுத்து'வை வெட்டி எடுத்து, பாலத்தில் தறிகெட்டு வரும் பேருந்துக்கு வைத்தான். பேருந்து நின்றது. 'கதவைப் பூட்டு' கொள்ளைக்காரர்களைச் சிறையில் தள்ளும் காட்சிக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. வகுப்பில் போட்டுக் காட்டியபோது, எந்த நாடகக் கம்பெனி ஆள் என்று கேட்டார்கள். மகன் பாத்திரத்துக்கு அவனே பேசியிருந்தான். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

படத்தை மேற்பார்வை செய்த தேன்மொழி மேடம் இரண்டு தரம் பார்த்தார். அப்பா பாத்திரம் உயிரோடு இருக்கிறது, மகன் யாரென்றே தெரியவில்லை என்றார். தவிர, கடைசிக் காட்சியில் சட்டவீரன் வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லையே, என்ன வசனம் என்று கேட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை திரையிடல். அதற்குள் வைத்துவிடுகிறேன் என்றான்.

வசனத்தை ஏழு மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டான். சொல்லப் போனால் அந்த ஒரு வரிக்காகத்தான் மீதிப் பத்தே முக்கால் நிமிடமும். இடிந்து கிடக்கும் சின்னக் கடையின் முன்னால் சட்டவீரன் இறங்கி, மகனைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: நான் செஞ்சது தப்பு.

இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் உட்கார்ந்து கேட்டான். 'நான்' அறுபத்தோரு இடத்தில் வந்தது, எல்லாவற்றுக்கும் பின்னால் 'வர லேட்டாகும்'. 'செஞ்சது' ஒரு இடத்தில், வடை செஞ்சது மிச்சம் இருக்கு. 'தப்பு'வும் ஒரு இடத்தில்தான், கரண்ட் பில்லில் ரீடிங் தப்பு. மூன்றையும் வெட்டி ஒட்டினான். ஓட விட்டுக் கேட்டால், 'நான்' அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்குள்ளிருந்தும், 'செஞ்சது' அடுக்களையிலிருந்தும், 'தப்பு' மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலிருந்தும் வந்தது. ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத மூன்று பேர் வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் நாசர் பாயைப் பார்க்கப் போனான். கடை போன பிறகு அவர் வேப்பமரத்தடியில் ஒரு பம்பும் கருவிப் பையுமாக உட்கார்ந்திருந்தார். படத்தில் உங்கள் கடை வருகிறது என்றான். சண்டை இருக்கிறதா என்று ஆர்வமாகக் கேட்டார். அப்பாவைக் கேள்வி கேட்கிற படம் என்று விளக்கினான். அவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தின நாள் சாயங்காலம் உங்கப்பா தனியா வந்தாவ தம்பி. சாமான எடுத்துருங்க பாய்ன்னாவ. கம்ப்ரசர் கனமுல்லா, ஒரு பக்கம் அவுகதான் புடிச்சாவ. சட்டையெல்லாம் கிரீசு."

அந்தச் சட்டை கார்த்திகேசனுக்குத் தெரியும். அம்மா இரண்டு நாள் ஊற வைத்துத் துவைத்தாள். எங்கே பட்ட கறை என்று அவன் கேட்கவில்லை, அப்போதுதான் பேச்சு நின்று போயிருந்ததே. தன் கட்சியில் தான் மட்டும்தான் இருக்கிறோம் என்பது மரத்தடியில் வைத்துத் தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கூட உறுப்பினர் இல்லை. சைக்கிளுக்குக் காற்று மட்டும் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வேறு வழி தெரியவில்லை. சனிக்கிழமை காலை படத்தின் கதை வசனத்தை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் தம்ளருக்கு அடியில் வைத்தான். மேலே ஒரு சீட்டு: கடைசி வரியைப் பேசித் தர வேண்டும். 'அப்பா' என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்து, ஆரம்பிக்காமலே எழுதியிருந்தான்.

ஞாயிறு காலை தாள்கள் அதே தம்ளருக்கு அடியில் திரும்பி வந்திருந்தன. அலுவலக வரைவைத் திருத்துகிற மாதிரி ஓரமெல்லாம் பொடி எழுத்து. கடை இடிக்கும் காட்சியில், 'முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டது காட்சியில் இல்லை, சேர்க்கவும்.' சட்டவீரனின் உடை பற்றி, 'மேலங்கி அவசியமா?' மண்டபம் வரும் இடத்தில் ஒரு குறிப்பும் இல்லை. கடைசி வரி ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'பேசுக.'

அப்பா வாழ்நாளெல்லாம் கோப்புகளில் எழுதிய சொல் அது. ஒரு கோப்பு திருப்தியாக இல்லாவிட்டால் மேலே உள்ளவர் அப்படி எழுதி அனுப்புவார், கீழே உள்ளவர் கோப்போடு நேரில் போய் நிற்க வேண்டும். கார்த்திகேசன் மடிக்கணினியும் மைக்கும் எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படி இறங்கினான்.

அப்பா பனியனோடு இருந்தார். மைக்கைப் பார்த்ததும் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மேல் பொத்தான் வரை மாட்டினார். பதிவாகப் போவது குரல் மட்டும்தான். கார்த்திகேசன் அவர் காதில் ஹெட்போனை மாட்டி, படத்தை ஓட விட்டான்.

"இதுல உள்ளதெல்லாம் நான் உனக்கு அனுப்புனதுதானலே?"

"ஆமா."

"மோட்டார நிறுத்தச் சொன்னேன். நீ பஸ்ஸ நிறுத்தியிருக்க."

அவன் மைக்கின் வயரைச் சரிசெய்தான்.

"அன்னைக்கு மோட்டார நிறுத்துனியா?"

"இல்ல."

அப்பா தலையாட்டினார். பதிவேட்டில் ஏறிவிட்ட மாதிரி ஓர் ஆட்டல். பிறகு கடைசித் தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

"இத நான் சொல்ல மாட்டேன். அடுத்தவன் எழுதுன வாக்குமூலத்துல நான் கையெழுத்துப் போட்டதில்ல."

"படம்தானப்பா."

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் வந்தது. இருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"குரலு என்னுதுல்லா."

"மண்டபத்துக்காரன் தடை வாங்கிட்டான். நாசர் பாய்க்கு யாரு வாங்கிக் குடுப்பா?"

இதற்கு அவரிடம் உடனே பதில் இருக்கும் என்று எதிர்பார்த்தான். மறுபதில் கூட ஒன்று தயாராக வைத்திருந்தான். அப்பா பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"ஓடுதா அது? நானாச் சொல்லுதேன்."

கார்த்திகேசன் ஹெட்போனைத் தன் காதுக்கு மாற்றிக்கொண்டு பதிவைத் தொடங்கினான். அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, குமாஸ்தாவுக்குச் சொல்வது போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மேற்படி ஆக்கிரமிப்பு அகற்றம், விதிகளின்படி, முறையாகவே நடந்தது. எனினும்."

கார்த்திகேசன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரல் வரும்போது மலை மாதிரி எழுகிற பச்சைக் கோடு, 'எனினும்' என்று ஒரு முறை எழுந்து படுத்துவிட்டது. அடுத்த சொல்லுக்காக, மூச்சு விடும் சத்தம் விழுந்துவிடக் கூடாதென்று, தன் மூச்சையும் பிடித்துக்கொண்டான். கோடு நேராகப் போனது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் லேசாகத் துடித்தது. பிறகு நாற்காலி நகர்ந்தது.

"மீதி இருக்கட்டும்."

ஹெட்போனைக் கழற்றுவதற்குள் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்.

மாடியில் வந்து அளந்து பார்த்தான். 'எனினும்' முடிந்து நாற்காலி நகரும் வரை நாற்பத்தேழு நொடி. அதை வெட்டி எறியலாம். 'எனினும்' என்பதையே வெட்டி, 'முறையாகவே நடந்தது' என்று முடிக்கலாம், அப்போது வில்லன் கிடைப்பான். ஏழு மாதமாக அதுதான் வேண்டியிருந்தது. திரையில் உள்ள கத்தரிக்கோல் குறியின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தான். பிறகு மூன்று பேர் சேர்ந்து சொன்ன மன்னிப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, நாற்பத்தேழு நொடியையும் முழுசாகப் படத்தின் கடைசியில் வைத்தான். சட்டவீரன் 'எனினும்' என்பான், பிறகு நிற்பான். அவ்வளவுதான்.

நிற்கிற முகத்துக்கு ஐந்நூற்று அறுபத்து நான்கு படங்கள். ஒரே படத்தை நீட்டி வைக்கலாம், ஆனால் கோடு துடித்த இடத்தில் முகம் என்னவோ செய்திருக்க வேண்டும். தாளை எடுத்து நெற்றி, கண்ணாடி, மீசை என்று வரைந்தான். வாய்க்கு வந்ததும் பென்சில் நின்றது. வாய் மூடியிருந்ததா? கண் எங்கே பார்த்தது? எதிரே ஒன்றரை முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தவன் நாற்பத்தேழு நொடியும் பச்சைக் கோட்டைத்தான் பார்த்திருந்தான்.

நோட்டோடு கீழே வந்தான். அப்பா திருநீறு பூசி, பேப்பர் விரித்திருந்தார். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"என்னலே?"

"முகம் வேணும்ப்பா. எனினும்னு சொன்ன பொறவு உள்ள முகம்."

அப்பா பேப்பரை நாலாக மடித்தார்.

"எப்படி வச்சிருந்தேன்?"

"தெரியல."

"நீதானலே எதுத்தாப்புல இருந்த."

"நான் பாக்கல."

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே பார்த்தார். வந்து நின்றது அந்த முகம் இல்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற முகம்.

அவன் அதையே வரையத் தொடங்கினான்.