பார்க்கும் தூரம்

சுவரில் மூன்றாவது துளையைப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்து டிரில்லின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"அப்பா இழுத்துக்கிட்டுக் கிடக்குறார். நீ வீட்டை ஓட்டை போட்டுட்டு இருக்க."

"இன்னும் ஒண்ணுதான்க்கா. இல்லன்னா டிவி ஒரு பக்கம் தொங்கும்."

"தொங்கட்டும்."

அவன் நாற்காலியை விட்டு இறங்கினான். கட்டிலில் அப்பா கண் மூடிக் கிடந்தார். டிரில் சத்தம் நின்றது அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. மூச்சு ஏறி இறங்கியது. நடுவில் எதையோ மறந்துவிட்டு நினைத்துக்கொள்வது போல ஒரு நிறுத்தம். சிமெண்டுத் தூசி போர்வையின் கால்மாட்டில் படிந்திருந்தது. அக்கா அதை உள்ளங்கையால் தட்டிவிட்டாள்.

இனி செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கோ நாளைக்கோ. வீட்டுக்கு வந்து படுத்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"ரோடு பாக்கணும்டா."

அக்கா அதைப் புலம்பலாக எடுத்துக்கொண்டாள். அவன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா பஸ் டிரைவர். ஊரிலிருந்து அணைக்கட்டு வரை ஒரே தடம், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள்வரை. அவரைத் தூக்கி உட்கார வைத்தாலே மூச்சு முட்டுகிறது. காரில் ஏற்ற முடியாது. ரோட்டைத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

அது அவன் தொழில். வீடு வீடாகப் போய் டிவி மாட்டுவான், புரொஜெக்டர் மாட்டுவான், ஒரு பெட்டியிலிருந்து எல்லா அறைக்கும் படம் ஓடும்படி செய்து கொடுப்பான். போனதும் முதலில் கேட்பது: உக்காந்து பாப்பீங்களா, படுத்துப் பாப்பீங்களா? அதை வைத்துத்தான் உயரம், தூரம், அளவு. சொந்த வீட்டில் அதைக் கேட்க வேண்டி வந்ததில்லை. நல்ல டிவி ஒன்று வாங்கலாம் என்று அவன் சொன்னபோதெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொல்வார். வாழ்க்கை பூரா ஒரு கண்ணாடி வழியாப் பாத்தாச்சு, இன்னொரு கண்ணாடி எதுக்கு?

மூன்று துளையில் மாட்டிய டிவி ஒரு பக்கம் தாழ்ந்துதான் நின்றது. அவன் அதைப் பார்க்காமல் கூடத்துக்கு ஓடினான். அலமாரியின் மேல் கையகலப் பெட்டி, பக்கத்தில் வை-ஃபை. விளக்குகள் எரிந்தன. போன் அடித்தது.

"சீட்டு கிடைச்சிருச்சுடா, முன் சீட்டு" என்றார் ரைட்டு மாமா. "டிக்கெட்டும் எடுத்தாச்சு. காசு குடுத்து இந்த வண்டியில ஏறுறது இதான் மொத தடவை. உங்கப்பன்கிட்ட சொல்லு."

ரைட்டு மாமா சொந்தக்காரர் அல்ல. அப்பாவோடு அதே தடத்தில் கண்டக்டராக இருந்தவர். 'போலாம் ரைட்டு' என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. காலையில் அவன் தன் பழைய கேமரா போனை அவரிடம் கொடுத்து, முன் கம்பியில் கவ்விப் பிடிக்கும் ஸ்டாண்டையும் மாட்டிக் காட்டியிருந்தான். போன் பார்ப்பதெல்லாம் இங்கே பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து எந்தத் திரைக்கு வேண்டுமானாலும் போகும். பேசுவதற்கு அவரிடம் அவருடைய பட்டன் போன் இருந்தது.

படம் வந்தது. பஸ் நிலையம், துடைக்காத முன் கண்ணாடி, எதிரே ஒரு சுவர். கிளம்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"அப்பா, பாருங்க. பஸ் ஸ்டாண்டு."

அப்பா கண்ணைத் திறந்தார். டிவி இருந்த பக்கம் முகம் திரும்பியது.

"வெளிச்சம் தெரியுது."

"பஸ் தெரியலையா?"

"வெள்ளையா இருக்கு."

தூரம் அதிகம். அவன் புரொஜெக்டரைக் கொண்டுவந்தான். படுத்திருப்பவருக்கு மேல்கூரைதான் சரி. ஸ்டூல், ஸ்டூல் மேல் ஒரு அட்டைப்பெட்டி, அதற்கு மேல் புத்தகங்கள், அதன் மேல் புரொஜெக்டர். வயர் எட்டவில்லை. நீள வயர் தேடி மாடிக்குப் போனான், வந்தான், தப்பான வயர், மறுபடி போனான். பகல் வெளிச்சத்தில் படம் சாயம் போன துணி மாதிரி தெரிந்தது. ஜன்னல் திரைகளை இழுத்து மூடினான்.

அப்பாவின் கை போர்வையைத் துழாவியது.

"லைட்டப் போடு. ரோடு தெரியல."

"தெரியும்ப்பா, ஒரு நிமிஷம், ஃபோகஸ்…"

"லைட்டப் போடுடா."

அக்கா திரைகளை ஒரே இழுப்பில் திறந்தாள். ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். மேலிருந்த புத்தகங்கள் சரிந்தன; புரொஜெக்டரை அவன் தாவிப் பிடித்தான்.

மிச்சமிருந்தது சின்ன டேப்லெட். வாடிக்கையாளர் வீடுகளில் சோதனை பார்க்க அவன் பையில் வைத்திருப்பது. இதை யாருக்கும் அவன் சிபாரிசு செய்ததில்லை. ஒரு முழத்தில் காட்டினான். அப்பாவின் கண் அலைந்தது. இன்னும் கிட்டே. ஒரு சாண் தூரத்தில் சட்டென்று கண் பிடித்துக்கொண்டது.

"கண்ணாடி தொடைக்கல பாரு" என்றார் அப்பா.

அக்கா சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக.

பஸ் கிளம்பியது. டேப்லெட்டுக்கும் ஒரு வளைகை ஸ்டாண்டு இருந்தது. அதைக் கட்டில் விளிம்பில் திருகி நிறுத்திவிட்டு அவன் கூடத்துக்கு ஓடினான். கடைத்தெரு தாண்டி ஊர் எல்லை வந்ததும் படம் நின்றது. ஓடியது. நின்றது. வழியில் சிக்னல் மோசம்.

"வண்டி ஏன் நிக்குது?" உள்ளே அப்பாவின் குரல் கேட்டது. "டீசல் அடைப்பா?"

இதற்கு ஒரு வழி உண்டு. வருகிற படத்தை அப்படியே காட்டாமல் பெட்டி சில நிமிஷத்துக்கானதைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக விட வேண்டும். இடையில் சிக்னல் போனாலும் படம் நிற்காது. ஆனால் பஸ் உண்மையில் முன்னால் போயிருக்கும், திரையில் பின்னால் வரும். நேரலை என்றால் வாடிக்கையாளர்கள் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். ஒரு நொடி பிந்தினாலும் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள். அவன் சேர்த்து வைக்கும் அளவை முடிந்த மட்டும் ஏற்றி வைத்தான்.

சேர்த்து முடிக்கும்வரை திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா?" என்று அப்பா அக்காவைக் கேட்டார்.

"கேட் போட்டிருக்காங்கப்பா. ரயில் போகட்டும்."

அப்பா பொறுமையாக இருந்தார். கேட்டுக்கு நிற்பது அவருக்குப் பழக்கம்.

வட்டம் போய் ரோடு வந்தது. இப்போது தடையில்லாமல் ஓடியது. ஆனால் ஸ்டாண்டின் கை கனம் தாங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தலை குனிந்தது. அவன் நிமிர்த்தினான். மறுபடி குனிந்தது.

"ஸ்க்ரூ லூசு. ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டு வரேன்."

"டேய்" என்றாள் அக்கா. "கையில என்ன முள்ளா குத்துது? நீயே பிடிச்சுக்கிட்டு உக்காரேன்."

அவன் நின்றான். கூடத்தைப் பார்த்தான். அங்கே பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை. ஸ்டாண்டைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அப்பா வீட்டுக்கு வந்த பிறகு அவன் அந்தக் கட்டிலில் உட்காருவது அதுதான் முதல் தடவை. வலது கையால் டேப்லெட்டை ஒரு சாண் தூரத்தில் பிடித்தான். அப்பாவின் மூச்சு அவன் விரல்களில் பட்டது. சூடாக இல்லை.

ரோட்டில் புளிய மரங்கள் வந்தன, போயின. செங்கல் சூளை. பாலம். பஸ்ஸுக்குள் ரைட்டு மாமா இன்றைய கண்டக்டருக்கு எங்கே யார் ஏறுவார்கள் என்று பாடம் எடுப்பது மெலிதாகக் கேட்டது. அந்த ஆள் எல்லாவற்றுக்கும் 'சரிண்ணே' சொன்னார்.

போர்வைக்கு அடியில் என்னவோ அசைந்தது. அவன் முதலில் அதை நடுக்கம் என்றுதான் நினைத்தான். திரையில் ஒரு வளைவு வந்தது, போர்வை அசைந்தது. வேகத்தடை வந்தது, அசைந்தது. அப்பாவின் வலது பாதம். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அழுத்திவிட்டு, திரும்பியதும் விட்டது.

"அக்கா" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, தாடையால் காட்டினான்.

அக்கா பார்த்தாள். போர்வையைக் கால்மாட்டில் இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்து மதில் வந்தபோது அப்பாவின் முகம் சுருங்கியது.

"ஹாரன்" என்றார். "ஹாரன் அடிக்கச் சொல்லு. பிள்ளைங்க ஓடி வரும்."

மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிப் பயனில்லை. பஸ் இந்நேரம் மதிலைத் தாண்டி எங்கோ போயிருக்கும். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா குனிந்து, அப்பாவின் காதருகில், வாயாலேயே "பாம் பாம்" என்றாள்.

அப்பாவின் முகம் தெளிந்தது.

"பரவால்ல. ஓட்டுறான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். சிரிப்பா வேறெதுவா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் படம் ஆடும். யாருக்கோ போன் செய்ய வேண்டும் என்று முனகிக்கொண்டு அவள் அடுக்களைப் பக்கம் போனாள்.

தோளிலிருந்து வலி இறங்கத் தொடங்கியிருந்தது. வீடுகளில் இதைவிடக் கனமான டிவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறான். அது கொஞ்ச நேரத்துக்கு. ஸ்க்ரூ ஏறியதும் விட்டுவிடலாம்.

"கை வலிக்குதா?" என்றார் அப்பா. கண் திரையை விட்டு விலகவில்லை.

"இல்லப்பா."

"இறுக்கிப் பிடிக்காத. ஸ்டியரிங்கும் அப்படித்தான். இறுக்கிப் பிடிச்சா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள கை செத்துரும்."

அவன் பிடியைத் தளர்த்தினான். வலி குறைந்தது மாதிரி இருந்தது.

மேடு தொடங்கியது. எஞ்சின் சத்தம் கனத்தது. வளைவு, பாதம் அழுத்தியது. அடுத்த வளைவு, அழுத்தியது, கொஞ்சம் பிந்தி. ஒரு லாரி எதிரே வந்து ஒதுங்கியது. அவன் எழுந்து போய்ச் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தான். சுவரில் நாலாவது ஓட்டை. அதைத் தவிர ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

அணைக்கு முன்னால் கடைசி வளைவு. வலது பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம். இந்த இடத்தில் மட்டும் பயணிகள் பேசக் கூடாது என்பாராம் அப்பா, மாமா சொல்லியிருக்கிறார். திரையில் பாறை பெரிதாகி வந்தது. அவன் போர்வையைப் பார்த்தான்.

பஸ் வளைந்து திரும்பியது.

போர்வை அப்படியே இருந்தது.

அவன் பாதத்தைப் பார்த்தான். பிறகு நெஞ்சைப் பார்த்தான். மூச்சு எப்போதும் போல எதையோ மறந்து நின்றிருந்தது. நினைத்துக்கொள்ளக் காத்திருந்தான். கண்கள் ஒரு சாண் தூரத்தில் இருந்த திரையின் மேலேயே இருந்தன. அவற்றில் ரோடு சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது.

இடது பையில் போன் அடித்தது. வலது கை அசையாமல் எடுத்தான்.

"வந்துட்டோம்டா" என்றார் ரைட்டு மாமா. "வண்டி நின்னாச்சு. எப்படி இருக்கான் டிரைவர்? பாத்தானா?"

டேப்லெட்டில் அதே ரைட்டு மாமா, அணை தெரியுது பாரு, என்று கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் இன்னும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் வந்து சேரல மாமா" என்றான்.

"என்னது, வரலையா? இங்க நிக்குதேடா வண்டி."

"எங்களுக்கு இன்னும் வரல. வந்துக்கிட்டிருக்கு."

"உன் பெட்டி என் வண்டிய விட மோசம்டா" என்று சிரித்தார் மாமா. பிறகு, "அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?"

"பாத்துக்கிட்டிருக்கார் மாமா. முடியட்டும்."

"சரிடா" என்று வைத்தார்.

அக்கா ஒரு டம்ளர் வெந்நீரோடு வாசலில் வந்து நின்றாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆடவில்லை, அலையவில்லை. அப்பாவின் முகம் திரையின் பக்கம் இருந்தது. அவள் சற்று நேரம் இருவரையும் பார்த்துவிட்டு, டம்ளரோடு ஓசைப்படாமல் திரும்பிப் போனாள்.

மேடு முடிந்தது. அணையின் நீளச் சுவர், தண்ணீர், மறுபடி சுவர். பஸ் வேகம் குறைந்து நிலையத்துக்குள் திரும்பி, ஒரு வேலியைப் பார்த்து நின்றது. எஞ்சின் அணைந்தது. ஆட்கள் இறங்கும் சத்தம். ரைட்டு மாமாவின் குரல் கிட்டத்தில் கேட்டது.

"வந்துட்டோம்டா. வண்டி நின்னாச்சு. எப்படி இருக்கான் டிரைவர்? பாத்தானா?"

ஓர் இடைவெளி.

"என்னது, வரலையா? இங்க நிக்குதேடா வண்டி."

இடைவெளி.

"உன் பெட்டி என் வண்டிய விட மோசம்டா." சிரிப்பு. "அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமா?"

இடைவெளி. வேலியின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து, பறந்து போனது.

"சரிடா."

அதற்குப் பிறகும் படம் ஓடிக்கொண்டிருந்தது. மாமா போனைக் கழற்றவில்லை. வெகுநேரம் வேலியும் துடைக்காத கண்ணாடியும் மட்டும். பிறகு பஸ்ஸின் தகரத்தில் உள்ளங்கை விழும் சத்தம் கேட்டது. வண்டியைக் கிளப்பத் தட்டுவது போல, இரண்டு தட்டு.

வண்டி நகரவில்லை.

ஒரு கை வந்து கேமராவை மறைத்தது. திரை கறுத்தது.

அவனுக்கு வலது கை மரத்துப் போயிருந்தது. தூரம் மாறாமல், ஆடாமல், டேப்லெட்டை மெதுவாக இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.