நடுவில் எங்கேயும் நிற்காத வழி

ரொட்டித் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ரூட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வேன், நூற்றி எழுபது கடை. எந்த வேன் எந்தத் தெருவில் நுழைந்து எந்தச் சந்து வழியாக வெளியே வரவேண்டும் என்று தினமும் போட்டுக்கொடுப்பது அவள் வேலை. ஆறாம் நம்பர் டிரைவருக்கு இடுப்புவலி, அவனுக்குக் குண்டும் குழியுமான ரோடு வராது. மூன்றாம் நம்பர்க்காரருக்குச் சர்க்கரை, அரை மணிக்கொருதரம் ஒதுங்கியாக வேண்டும். அவர் வழியில் மட்டும் பெட்ரோல் பங்குகள் வரிசையாக வரும். அவர் ஏன் என்று கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்து என்ன? வீட்டுக்கு வந்துவிட்டால் வழி போடும் உரிமை வீட்டுக்காரருடையது. அவர் கட்டிட வரைபடம் வரைகிறவர். கையில் பென்சிலும் ஸ்கேலும் ஏறிவிட்டால் மனுஷனைப் பிடிக்க முடியாது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜைமேல் பெரிய மேப்பை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்துவிட்டு, என்னமோ கோட்டை கட்டப்போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

போகவேண்டிய இடம் ஒரு தீபகற்பம். கடலுக்குள் நீட்டிய ஒற்றை விரல்போல மேப்பில் கிடந்தது. நுனியில் பத்துப் பதினைந்து வீடு, ஆட்டுமந்தை, ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். அங்கே இரண்டு அறை வீடு ஒன்றை அவளுடைய தங்கை நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தாள். சனிக்கிழமை காலையில் இவர்கள் இங்கிருந்தும், தங்கை தன் புருஷனோடு அவர்கள் ஊரிலிருந்தும் கிளம்பி, அங்கே சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

தங்கை கூப்பிடுவது இது மூன்றாவது தடவை. போன இரண்டு தடவையும் ரூட்டம்மா ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவிவிட்டாள். இந்தத் தடவை தங்கை சுற்றி வளைக்கவில்லை. “வந்தா வா. இல்லைன்னா நேரா சொல்லிடு, நான் இனிமே கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள். அம்மா அப்பா போனபிறகு பிறந்த வீடு என்று இவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஒருத்திதான்.

“நாலே முக்கால் மணி நேரம். நடுவுல எங்கேயும் நிக்க வேண்டாம், ஒரே மூச்சுல போயிடலாம்” என்றார் வீட்டுக்காரர், சிவப்புப் பென்சிலால் ஒரு கோட்டை இழுத்து.

ரூட்டம்மாவின் கண் அந்தக் கோட்டின்மேல் பெட்ரோல் பங்குகளைத் தேடியது.

விஷயம் இதுதான். மூன்று வருஷமாக அவளுக்குச் சிறுநீரை அடக்க முடிவதில்லை. நாற்பது நிமிஷம், மிஞ்சிப்போனால் நாற்பத்தைந்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கை வீட்டிலிருந்து தனியாகத் திரும்பும்போது, பஸ் ஒரு பாலத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. கடைசி ஸ்டாப்பில் அத்தனை பேரும் இறங்கும்வரை அசையாமல் இருந்து, போர்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினாள். அதற்கப்புறம் வீட்டையும் தொழிற்சாலையையும் தாண்டி அவள் எங்கேயும் போகவில்லை. டாக்டரிடம் சொல்ல வெட்கம். இருபத்து நாலு வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷனிடம் சொல்ல அதைவிட வெட்கம். ஐம்பத்தொரு வயசுப் பொம்பளை இதை எந்த வாயால் சொல்வாள்?

அதனால் வேறு வழியில் முயற்சி பண்ணினாள். “இங்க ஒரு பெட்ரோல் பங்க் இருக்கு பாருங்க. நின்னு டயருக்குக் காத்து பிடிச்சுக்கலாம்” என்று மேப்பில் விரலை வைத்தாள்.

“நேத்துதான் பிடிச்சேன்.”

“சரி, இந்த ஊர்ல ஒரு டீ குடிக்கலாம்.”

“பிளாஸ்க் எதுக்கு இருக்கு? ஊத்தி எடுத்துக்க.”

“இங்க ஒரு பழைய மணிக்கூண்டு இருக்காமே. பார்க்கணும்னு ஆசையா இருக்கு.”

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். “நம்ம தெருக்கோடியில ஒரு மணிக்கூண்டு இருக்கு. இருபது வருஷத்துல ஒருநாள் நிமிர்ந்து பார்த்திருக்கியா?”

ஆனாலும் அவள் விடவில்லை. காய்கறிச் சந்தை என்றாள், பூச்செடி விற்கிற இடம் என்றாள், கால் மரத்துப்போகும் என்றாள். அவள் வைத்த ஒவ்வொரு புள்ளியையும் அவர் ரப்பரால் அழித்துவிட்டு, துகளை வாயால் ஊதினார். கெட்ட மனுஷன் என்று சொல்லிவிடாதீர்கள். சுற்றாமல் நிற்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மனைவிக்குச் செய்கிற பெரிய உபகாரம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். கடைசி ஐம்பத்திரண்டு கிலோமீட்டரை, ஒரு மணி நேர வழியை, என்ன செய்வது? அங்கேதான் நிலம் குறுகிக் கழுத்தாகிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு ரோடு. அவள் ஏற்கெனவே வேலையிடத்துக் கம்ப்யூட்டரில் அந்த ரோட்டை அங்குலம் அங்குலமாகப் பார்த்திருந்தாள். கடை இல்லை, கட்டிடம் இல்லை, ஒரு பொம்பளை மறைவாக உட்கார ஒரு மரம்கூட இல்லை. முழங்கால் உயரப் புல்தான். சுற்றிப்போக வேறு வழியும் கிடையாது. ஒன்பது வேனுக்கு வழி கண்டுபிடித்தவளுக்குத் தனக்கு ஒரு வழி கிடைக்கவில்லை.

எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் தங்கைக்கு போன் போட்டாள்.

“குட்டி, லீவு கிடைக்கலைடி. ரெண்டு டிரைவர் வரலை. நானும் இல்லைன்னா வேலையே நின்னுடும்.”

தங்கை சண்டை போடுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தாள். தங்கையோ, “சரிக்கா. உடம்பைப் பார்த்துக்க. நான் வச்சிடறேன்” என்றாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி அத்தனை மரியாதையாகச் சொன்னாள்.

அந்த மரியாதைதான் ரூட்டம்மாவைக் குத்தியது. இந்த போனை இப்படியே வைத்துவிட்டால் அடுத்த தடவை கூப்பிட ஆள் இருக்காது. அவளுக்கு அது பளிச்சென்று தெரிந்தது.

“வச்சிடாதே. லீவெல்லாம் இருக்கு” என்றாள் அவசரமாக. “என்னால அடக்க முடியலைடி. நாற்பது நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்ரூம் போகணும். இல்லைன்னா துணியிலேயே போயிடுது. மூணு வருஷமா இப்படித்தான். உன் வீட்டுலேர்ந்து வந்த அன்னிக்கு பஸ்ஸுலயே ஆயிடுச்சு. அதுலேர்ந்து எங்கேயும் போறதில்லை.”

பின்னால் ரப்பர் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இதனாலதான் வரலையா?” என்றாள் தங்கை.

“வேற எதனால?”

“அம்மாவோட தையல் மெஷினை நான் எடுத்துக்கிட்டேனே, அதுல உனக்குக் கோபம்னு நினைச்சேன்.”

“அடிப்பாவி! எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராது. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்?”

தங்கை சிரித்துவிடுவாள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது.

“அக்கா, எனக்கு போன வருஷம் கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க.”

“என்னது?”

“கட்டி இருந்துச்சு. பெரிய ஆபரேஷன். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். உள்ளே தள்ளிக்கிட்டுப் போறப்போ, அக்காவைக் கூப்பிடட்டுமான்னு இவர் கேட்டார். வேண்டாம், அவ வரமாட்டான்னு சொல்லிட்டேன்.”

போன வருஷம் பண்டிகைக்குப் பேசும்போது தங்கை குரல் கம்மியிருந்தது ரூட்டம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ‘ஜலதோஷமா’ என்று இவள் கேட்டாள். ‘ஆமாம்’ என்று அவள் சொன்னதும் விட்டுவிட்டாள்.

“ஏன்டி ஒரு வார்த்தை சொல்லலை?” என்றாள். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“நீ சொன்னியா?”

வீட்டுக்காரர் எழுந்துவந்து பக்கத்தில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேரா அங்க போகவேண்டாம். முதல்ல குட்டி வீட்டுக்குப் போகலாம்” என்றாள் அவரிடம், போனை மூடாமலே. “நாளைக்கே காலையில கிளம்புறோம். நாற்பது நிமிஷத்துக்கு ஒருதரம் நிக்கணும். அந்தக் கழுத்து வந்ததும் காரை ஓரங்கட்டுங்க. கதவு ரெண்டையும் திறந்து நடுவுல போர்வையைப் பிடிச்சா ஆச்சு.”

“நான் பிடிக்கறேன்” என்றார் அவர். தங்கை வீடு வழியாகப் போனால் நாற்பத்து மூன்று கிலோமீட்டர் சுற்று என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் போய் உட்கார்ந்து சிவப்புக் கோட்டை முழுசாக அழிக்க ஆரம்பித்தார்.

ரூட்டம்மா போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, ஒரு வருஷம் பிந்திப்போன கேள்விகளை ஒன்றொன்றாகக் கேட்டாள். எத்தனை தையல்? மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் யார் இருந்தது? தலை வாரிவிட யாராவது இருந்தார்களா? ராத்திரி வலித்தால் யாரைக் கூப்பிட்டாய்?

“பதினாலு தையல்கா” என்றாள் தங்கை. “ராத்திரியில யாரையும் கூப்பிடலை. தலையணையைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பேன்.”